குவாண்டம் வகுப்பு நடத்துபவர்களுக்கு: பிழையையும் சேர்த்துச் சொல்லுங்கள்

திருகோணமலையில் குவாண்டம் கணினிச் சான்றிதழ் வகுப்பு நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன மாதம் நகரில் நீங்கள் வைத்த இலவசக் கருத்தரங்கில் குவாண்டம் கணினி வங்கிப் பூட்டுகளை உடைக்கும், படித்தால் இரண்டு வருடத்தில் வேலை என்றெல்லாம் பேசப்பட்டது, எல்லாவற்றையும் நான் திரும்ப எழுதவில்லை. முதலில் ஒன்றை எடுக்கிறேன். என்னிடம் இணைந்த கணிதம் படித்த ஒரு பிள்ளை, மூதூரில் இருந்து பஸ் பிடித்து வந்தவள், எழும்பி நின்று கேட்டாள்: "சேர், கியூபிட் பிழைவிட்டால் அது எப்படித் தெரியவரும்?" (கியூபிட் என்பது குவாண்டம் கணினியில் தகவலை வைத்திருக்கும் அடிப்படை அலகு.) உங்கள் வளவாளர் சொன்ன பதில்: "அதையெல்லாம் கூகுள் சரிசெய்துவிட்டது, நீங்கள் புரோகிராம் எழுதப் பழகினால் போதும்." மண்டபம் கைதட்டியது. அடுத்த கிழமை அவளுடைய அம்மா சங்கிலியை அடகு வைத்து வகுப்புக் கட்டணமாகத் தொண்ணூறாயிரம் ரூபாய் கட்டினார்.

அவள் கேட்டது ஓரத்தில் கிடக்கும் சந்தேகம் இல்லை. இந்தத் துறையே முப்பது வருடமாக அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறது. இன்றைய நல்ல இயந்திரங்களில்கூட இரண்டு கியூபிட்டுகளைச் சேர்த்துச் செய்யும் செயல் சில நூறு தடவைக்கு ஒன்று, மிக நன்றாக அமைந்தால் ஆயிரம் தடவைக்கு ஒன்று பிழையாகிறது. ஆயிரத்துக்கு ஒன்று என்றே வைப்போம். ஆயிரம் படிகள் உள்ள ஒரு கணக்கு பிழையில்லாமல் முடிவதற்கான நிகழ்தகவு சுமார் 37 சதவீதம், ஐயாயிரம் படிகள் என்றால் 1 சதவீதம்கூட இல்லை. உயர்தரம் படித்த எந்தப் பிள்ளையும் இதைப் போட்டுப் பார்த்திருக்கும். நீங்கள் மேடையில் சொன்ன "வங்கிப் பூட்டுகளை உடைக்கும்" கணக்குக்கோ கோடிக்கணக்கான படிகள் வேண்டும்.

சாதாரணக் கணினியில் ஒரு பிட்டை மூன்று பிரதி எடுத்து, பெரும்பான்மை எதுவோ அதை நம்பலாம். கியூபிட்டை அப்படிப் பிரதி எடுக்க இயற்கை விடாது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாலே அது கலைந்துவிடும். 1995இல் பீற்றர் ஷோர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார்: ஒரு கியூபிட்டின் தகவலை ஒன்பதில் பரப்பி வைத்து, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் சோதிப்பது, தகவலைத் தொடுவதில்லை. எவ்வளவு அழகான யோசனை! இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை இரவெல்லாம் அதைப் பற்றியே யோசித்திருப்பாள்.

கூகுள் செய்தது என்ன? 2024 டிசம்பரில் அறிவித்த 105 கியூபிட் வில்லோ சிப்பில், சுமார் நூறு கியூபிட்டுகளைச் செலவழித்து, ஒரே ஒரு தருக்கக் கியூபிட்டை, அதாவது தகவலைப் பலவற்றில் பரப்பிப் பிழையிலிருந்து காக்கும் ஒரு கியூபிட்டை, அமைத்தார்கள். கட்டமைப்பைப் பெரிதாக்கப் பெரிதாக்க, ஒவ்வொரு படியிலும் பிழை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதுதான் சாதனை, பெரிய சாதனை, நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த ஒரு கியூபிட் கணக்கு எதையும் செய்யவில்லை, தகவலைக் கலையாமல் வைத்திருந்தது, அவ்வளவுதான். இதையா "சரிசெய்துவிட்டது" என்கிறீர்கள்?

வங்கி விஷயத்திலும் முழுதாகச் சொல்லுங்கள். இணையத்தில் இரகசியத்தைக் காக்கும் குறியாக்க முறையான ஆர்எஸ்ஏயின் 2048 பிட் பூட்டை 8 மணி நேரத்தில் உடைக்க 2 கோடி கியூபிட் வேண்டும் என்று 2019இல் கிட்னி, எக்கெரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2025இல் அதே கிட்னி அதைப் பத்து இலட்சத்துக்கும் கீழே, ஒரு கிழமைக்குள் என்று குறைத்தார். தேவை வேகமாகக் குறைகிறது, அதனால் இதைக் கட்டுக்கதை என்று நான் சொல்லவே மாட்டேன். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் புதிய குறியாக்கத் தரங்களை வெளியிட்டதும் இந்த ஆபத்தை எண்ணித்தான். ஆனால் நூற்றுக்கும் பத்து இலட்சத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை மறைத்து "இரண்டு வருடத்தில் வேலை" என்று பிள்ளைகளிடம் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கிழக்குக்கு எப்போதும் விளம்பரம்தான் முதலில் வருகிறது. கிரிப்டோ வகுப்பு வந்தது, ஏஐ வகுப்பு வந்தது, இப்போது இது. ஒவ்வொன்றுக்கும் மூதூரிலும் கிண்ணியாவிலும் யாரோ ஒரு தாயின் நகை அடகுக் கடைக்குப் போகிறது, சான்றிதழை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன பிள்ளை பேசாமல் திரும்பி வருகிறது. கேட்க ஆள் இல்லை என்ற எண்ணமா?

சரி, கேட்க வந்ததை மரியாதையோடு கேட்கிறேன். உங்கள் விளம்பரத்திலும் முதல் வகுப்பிலும் பிழை வீதத்தை எழுதுங்கள். இன்று எத்தனை கியூபிட் சேர்ந்து ஒரு தருக்கக் கியூபிட் ஆகிறது, பயனுள்ள கணக்குக்கு எத்தனை வேண்டும் என்று எழுதுங்கள். ஐபிஎம் நிறுவனத்தின் உண்மையான குவாண்டம் இயந்திரத்தில் இணையம் வழியாக இலவசமாகவே சிறிய புரோகிராம்களை ஓட்டிப் பார்க்கலாம் என்பதையும் சொல்லுங்கள், பிழை எப்படி வருகிறது என்று பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். இதெல்லாம் தெரியாமல் காசு கட்டியவர்கள் விலக விரும்பினால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். "கட்டிய பணம் திரும்பாது" என்று அந்த அம்மாவிடம் சொன்னதை மீளப் பெறுங்கள்.

சிக்கலெண்ணும் தாயமும் (matrix) நிகழ்தகவும் தெரிந்த பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள். பிழைத்திருத்தம் பற்றிய முதல் வகுப்பை எடுக்க ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். ஆனால் பிழை வீதத்தை எழுதாமல் அடுத்த அணிக்கு ஆள் சேர்க்க வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலையில் உயர்தரக் கணிதம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியர்