பி பிளாக் பூனைகள்: ஒரு வேண்டுகோள்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் வீடு காலி செய்தவர்கள் விட்டுப்போன வெள்ளைப் பெட்டை, மூன்று நாளாக மோட்டார் ரூம் பின்னால் பதுங்கிக் கிடக்கிறது. (வளர்த்த பிராணியைப் பட்டினியில் தவிக்க விட்டுப்போவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது தனிக்கதை.) நம் பார்க்கிங் கடுவனுக்கு இது பிடிக்கவில்லை, நேற்று ராத்திரி கச்சேரி உங்களுக்கும் கேட்டிருக்கும்.

தயவுசெய்து இரண்டுக்கும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். சேர்ந்து சாப்பிட்டால் சிநேகமாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம்; பூனையோ தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்கிற ஜாதி. கடுவனுக்கு வழக்கம்போல் படிக்கட்டு அடியில், புதுசுக்கு மோட்டார் ரூம் பக்கம், ஒரே நேரத்தில் வைப்போம். நிம்மதியாகச் சாப்பிட்டால் மட்டும் தட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கலாம். வாரக்கணக்கில் ஆகும். பூனைக்கு வாசனைதான் அடையாளம் என்பதால், ஒன்று படுத்த துணியை மற்றதன் தட்டருகே நான் மாற்றிப் போடுகிறேன், குப்பை என்று எடுத்துவிடாதீர்கள். பால் வேண்டாம், வயிற்றுக்கு ஆகாது.

சீறினால் விட்டுவிடுங்கள், அது பேச்சுவார்த்தை. கட்டிப் புரண்டால் நடுவில் அட்டையை நீட்டுங்கள், கையை அல்ல. கடியோ கீறலோ பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சனிக்கிழமை இரண்டையும் கருத்தடைக்குக் கொண்டுபோகிறோம். வெள்ளி ராத்திரி யாரும் சோறு வைக்க வேண்டாம். கடுவனின் முறுக்கு அடங்க அதன்பிறகும் சில வாரம் பிடிக்கும்.

காலைச் சாப்பாடு என் பொறுப்பு. மாலைக்கு ஓர் ஆள் வேண்டும், யார் வருகிறீர்கள்?