வட்டத்தை மறுபடி அளந்து பார், குமரா

அன்புள்ள குமரனுக்கு,

நேற்று நீ அனுப்பிய போட்டோவை ராத்திரி மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். ஸ்டோமா, அதாவது குடல் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்திருக்கிற அந்தத் திறப்பு, நன்றாகத்தான் இருக்கிறது. வாய்க்குள் இருக்கிற சிவப்பு, அதே ஈரம். துடைக்கும்போது துளி ரத்தம் வந்தது என்று பயந்தாயே, பல் விளக்கும்போது ஈறில் கசிகிற மாதிரிதான் அது. அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என் கவலையெல்லாம் அதற்குக் கீழே பிறை மாதிரி தோலுரிந்து கிடக்கிற இடம்தான். ஆபரேஷன் முடிந்தபோது, மலம் சேருகிற பையைத் தோலில் ஒட்டிப் பிடிக்கிற தட்டில் 35 மி.மீ. அளவுக்கு வட்டம் வெட்டித் தந்தார்கள். இப்போது ஐந்து வாரம் ஆகிவிட்டது. வீக்கம் வடிய வடிய ஸ்டோமா சுருங்கும். நீ இன்னும் அதே அளவுக்குத்தானே வெட்டுகிறாய்? அந்த இடைவெளியில் தோல் மூடாமல் கிடக்கிறது. உனக்குச் சிறுகுடலிலிருந்து வருவதில் ஜீரண நீர் கலந்திருக்கிறது, சோற்றைக் கரைக்கிற நீர் தோலை விடுமா?

அப்பாவுக்கு ஸ்டோமா பெருங்குடலில் என்பதால் கெட்டியாகத்தான் வரும். அப்படியும் ஒரு தடவை தோல் சிவந்தபோது, நல்லது செய்வதாக நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். எண்ணெய்மேல் தட்டு எப்படி ஒட்டும்? கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். வீட்டுக்கு வந்தும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் எண்ணெய், டெட்டால், சோப்பு எதுவும் வேண்டாம். காலையில் காபி குடிக்கும் முன் தட்டை மாற்று, அப்போதுதான் வரத்து குறைவாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஒற்றி உலர்த்து. புண்மேல் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிஞ்சியதைத் தட்டிவிடு. வட்ட ஓட்டைகள் போட்ட அளவு அட்டையை ஸ்டோமாமேல் வைத்து அளந்து, சுற்றிலும் 2, 3 மி.மீ. மட்டும் விட்டு வெட்டு. ஒட்டியபின் உள்ளங்கைச் சூடு படும்படி ஐந்து நிமிஷம் பிடித்துக்கொள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய், கனம் தட்டை இழுத்துவிடும். எரிந்தால் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். மேலே டேப் ஒட்டிச் சமாளிக்காமல் கழற்றிப் பார்.

தண்ணியாக நிறையப் போகிற நாளில் வெறும் தண்ணீரை மடமடவென்று குடிக்காதே, இன்னும்தான் போகும். ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. தயிர்சாதம், வாழைப்பழம், ஜவ்வரிசிக் கஞ்சி சாப்பிட்டால் கெட்டிப்படும். ஒரு நாளில் ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலோ, தலை சுற்றி மூத்திரம் அடர் மஞ்சளாகக் குறைந்தாலோ டாக்டரைக் கூப்பிடு.

தேங்காய்த் துருவல், வேர்க்கடலை, காளான், சோளம் இப்போதைக்கு வேண்டாம், அடைத்துக்கொள்ளும். வயிறு முறுக்கி, நாலைந்து மணி நேரம் பைக்கு ஒன்றும் வராமல், வாந்தியும் வந்தால் பேதி மருந்து எதுவும் குடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலும் அப்படித்தான். நடுராத்திரி என்று யோசிக்காதே.

அப்பா வைத்திருந்த வளைந்த கத்தரிக்கோலைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வெட்டியதும் ஓரத்தை விரலால் நீவிவிடு, பிசிறு இருந்தால் குத்தும். ஞாயிற்றுக்கிழமை அளந்துவிட்டு எத்தனை மி.மீ. என்று போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா