புகார் கடிதம்: பார்க்காத குவெரிக்கும் பச்சை டிக் போடும் உங்கள் கருவி பற்றி

அனுப்புநர்:
உங்கள் குவெரி சோதனைக் கருவியின் ஆண்டுச் சந்தாதாரர்
(நான்கு நிரலாளர்கள் கொண்ட ஒரு குழுவின் சார்பாக)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சோதிக்காத குவெரிகளையும் ‘பிழை இல்லை’ என்று காட்டுவது குறித்தும், மீதமுள்ள சந்தாப் பணத்தைத் திரும்பக் கேட்டும்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஏழு மாதமாக உங்கள் கருவியைப் பயன்படுத்தி வருகிறோம். இதற்கு முன் உங்கள் ஆதரவுப் பிரிவுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் “கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்து பாருங்கள்” என்ற ஒரே பதில்தான் வந்தது. நான் அதற்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் புகார் டிக்கெட்டும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிக்கொண்டது. ஆகவே இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன். இதைப் படிப்பவர் வாழ்க்கையில் ஒரு குவெரியாவது, அதாவது தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் ஒரு கட்டளையாவது, எழுதியவராக இருந்தால் மகிழ்ச்சி.

இந்தக் கருவியை ஏன் வாங்கினோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். நிரலுக்குள் எழுதும் எஸ்கியூஎல் (குவெரிகளை எழுதும் மொழி), நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்த்துத் தரும் கம்பைலரின் கண்ணுக்கு வெறும் எழுத்துச் சரம். மேற்கோள் குறிக்குள் என்ன இருக்கிறது என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. மாறியின் பெயரில் ஓர் எழுத்து தப்பினால் கம்பைலர் நம்மை நகரவிடாது. அதே தவறு குவெரிக்குள் நடந்தால், அந்த வரி ஓடும்வரை யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் ஒரே ஒரு முறை எடுக்கும் அறிக்கையில் அந்த வரி இருந்தால், மாதக் கடைசிவரை தெரியாது. “நிரல் ஓடும் முன்பே எல்லா குவெரிப் பிழைகளையும் பிடித்துத் தருகிறோம்” என்று நீங்கள் விளம்பரம் செய்தபோது, நாங்கள் அதிகம் யோசிக்காமல் பணம் கட்டியது இதனால்தான்.

உங்கள் கருவி வேலை செய்யும் விதத்தில் எனக்குக் குறையில்லை. நிரலை ஓட்டத் தயாராக்கும் பில்ட் நடக்கும்போதே ஒவ்வொரு குவெரியையும் தரவுத்தளத்துக்கு அனுப்பி, ஓட்டாமல் ‘பிரிப்பேர்’ மட்டும் செய்யச் சொல்கிறது. தரவுத்தளம் குவெரியைப் பிரித்துப் பார்த்து, டேபிள் இருக்கிறதா, நெடுவரிசை இருக்கிறதா, நாம் கொடுக்கப்போகும் மதிப்புகள் எந்த வகையில் இருக்க வேண்டும், திரும்பி வரும் வரிசையில் என்னென்ன வகைகள் இருக்கும் என்றெல்லாம் சொல்லிவிடுகிறது. ஒரு வரிகூடத் தரவு மாறுவதில்லை. எழுத்துப் பிழையைப் பிடிக்க இதைவிட நேர்மையான வழி கிடையாது, ஏனென்றால் தீர்ப்பு சொல்வது தரவுத்தளமே.

இது உங்கள் கண்டுபிடிப்பும் அல்ல என்பது வேறு விஷயம். 1970களில் ஐபிஎம் ஆய்வாளர்கள் உருவாக்கிய சிஸ்டம் ஆர் என்ற தரவுத்தளம், பிஎல்/ஐ, கோபால் ஆகிய மொழிகளின் நிரல்களுக்குள் எழுதிய எஸ்கியூஎல்லை நிரல் ஓடும் முன்பே கம்பைல் செய்து வைத்தது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அப்படிக் கம்பைல் செய்து வைத்தது நம்பியிருந்த ஒரு இண்டெக்ஸை (வேகமாகத் தேட உதவும் அட்டவணையை) யாராவது நீக்கிவிட்டால், சிஸ்டம் ஆர் அதை ‘இனி செல்லாது’ என்று குறித்துவைக்கும். அடுத்த முறை ஓட வரும்போது தானே மறுபடி கம்பைல் செய்துகொள்ளும். பழையதை வைத்துக்கொண்டு எல்லாம் சரி என்று தலையாட்டாது. உங்கள் கருவி தலையாட்டுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ஆர்டர் டேபிளில் ‘நிலை’ என்றிருந்த நெடுவரிசையின் பெயரை ஒரு மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) எழுதி மாற்றினோம். பழைய பெயர் 12 குவெரிகளில் இருந்தது. 11 இடங்களில் திருத்திவிட்டோம், ஒன்றை விட்டுவிட்டோம். எங்கள் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரித் தவறுக்காகத்தானே உங்களுக்குப் பணம் கட்டுகிறோம்! பில்ட் ஓடியது. பச்சை டிக் வந்தது. டிப்ளாய் செய்துவிட்டு, அதாவது புதிய நிரலைப் பயன்பாட்டுக்கு விட்டுவிட்டு, தூங்கப் போனோம். இரவு பணம் திருப்பித் தரும் வேலை ஓட ஆரம்பித்ததும் லாக் (நிரலின் பதிவேடு) முழுக்க 42703. எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரஸை அறிந்தவர்களுக்கு அந்த எண் சொன்னாலே போதும்: அப்படி ஒரு நெடுவரிசை இல்லை.

காலையில் தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. அதற்கு முந்தைய வாரம் பில்ட் இயந்திரத்தில் தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றியிருந்தோம். உங்கள் கருவியால் தரவுத்தளத்துடன் பேச முடியவில்லை. பேச முடியவில்லை என்று சொல்லி நின்றிருக்க வேண்டாமா? மூன்று வாரத்துக்கு முன் எடுத்துவைத்த ஸ்கீமா (டேபிள்களின் அமைப்பு) நகலைத் தானாகவே எடுத்து, அதோடு ஒப்பிட்டு, ‘பிழை 0’ என்று அறிவித்துவிட்டது. அந்த நகலில் ‘நிலை’ இன்னும் இருந்தது. தரவுத்தளம் கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரி, விரிவான லாகைத் தனியாக இயக்கினால் மட்டும் தெரியும் இடத்தில் இருக்கிறது. அதை யார் இயக்குவார்கள், ஏற்கெனவே ஏதோ உடைந்திருந்தால் தவிர?

நகல் வைத்துச் சோதிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ரஸ்ட் மொழியில் இலவசமாகக் கிடைக்கும் எஸ்கியூஎல்எக்ஸும் அதைச் செய்கிறது: தரவுத்தளம் கைக்கெட்டாத இடங்களுக்காக, குவெரிகளைப் பற்றிய தகவலை ஒரு கோப்புறையில் சேமித்துவைக்கிறது. ஆனால் அதைச் சேமிக்க நாம்தான் கட்டளை கொடுக்க வேண்டும். சேமித்தது இன்றைய ஸ்கீமாவோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்து, பொருந்தாவிட்டால் பில்டைத் தோற்கடிக்கவும் அதில் தனிக் கட்டளை இருக்கிறது. இலவசக் கருவியில் இருக்கிற இந்தக் கூச்சம், காசு வாங்கும் உங்கள் கருவியில் இல்லை.

இது நடந்த பிறகு எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எங்கள் நிரலில் உள்ள குவெரிகளைக் கையால் எண்ணினேன். மொத்தம் 340. உங்கள் அறிக்கையும் ‘340 குவெரிகள், பிழை 0’ என்றுதான் சொல்கிறது. சரி, அந்த 340-இல் 61 குவெரிகள் துண்டு துண்டாக ஒட்டி உருவாகுபவை: பயனர் எந்த வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதற்கேற்ப நிபந்தனைகள் சேரும், வரிசைப்படுத்தும் நெடுவரிசை மாறும். பில்ட் நேரத்தில் அவற்றின் முழு வடிவமே கிடையாது. இல்லாத வடிவத்தை எப்படிச் சோதித்தீர்கள்? வேண்டுமென்றே அவற்றில் ஐந்தில் டேபிள் பெயரைக் கெடுத்துவிட்டு பில்ட் செய்தேன். அப்போதும் பிழை 0. சோதிக்கவே இல்லை. தாண்டிப் போய்விட்டு, கணக்கில் மட்டும் சேர்த்துக்கொண்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நீங்கள் 61 மறைத்திருக்கிறீர்கள்.

‘வேகமான முறை’ என்று ஒரு வசதி தந்திருக்கிறீர்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை இயக்கினால் போஸ்ட்கிரஸைத் தொடாமல், கருவிக்குள்ளேயே இருக்கும் எஸ்கியூலைட் என்ற வேறொரு தரவுத்தளத்தில் சோதிக்கிறது. இந்த இரண்டுக்கும் இலக்கணம் வேறு என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் பெயரில் நெடுவரிசை எதுவும் இல்லையென்றால், எஸ்கியூலைட் வழக்கமாக அதை ஓர் எழுத்துச் சரமாக எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். போஸ்ட்கிரஸ் அங்கேயே நிறுத்தும். எண் நெடுவரிசையை எழுத்து நெடுவரிசையோடு ஒப்பிட்டாலும் எஸ்கியூலைட் ஒன்றும் சொல்லாது. போஸ்ட்கிரஸ் அப்படி ஒரு ஒப்பீடே கிடையாது என்று 42883 கொடுக்கும். எஸ்கியூலைட்டைக் குறை சொல்லவில்லை, அதன் ஆவணத்தில் இதெல்லாம் வெளிப்படையாகவே இருக்கிறது. ஒருவருக்கு வேண்டிய சட்டையை இன்னொருவரை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது உங்கள் ‘வேகம்’.

இனி பெரிய நஷ்டம். காலாவதியான பயனர்களின் அமர்வுகளை (லாகின் பதிவுகளை) மட்டும் அழிக்க ஒரு குவெரி எழுதினோம். அமர்வு டேபிளிலிருந்து நீக்கு, எங்கே பயனர்_எண் என்பது காலாவதி டேபிளிலிருந்து எடுத்த பயனர்_எண்களில் ஒன்றாக இருக்கிறதோ அங்கே என்பது அதன் சாரம். காலாவதி டேபிளில் பயனர்_எண் என்ற நெடுவரிசையே இல்லை. அங்கே அதன் பெயர் வெறும் ‘எண்’. பிழை வர வேண்டும்தானே? வராது. உள் குவெரியில் பெயர் கிடைக்கவில்லையென்றால் எஸ்கியூஎல் வெளிக் குவெரியில் தேடும். அங்கே அமர்வு டேபிளின் பயனர்_எண் இருக்கிறது. ஆக, ஒவ்வொரு அமர்வும் தன் பயனர்_எண்ணைத் தன்னோடே ஒப்பிட்டுக்கொண்டது. காலாவதி டேபிளில் ஒரு வரி இருந்தால்கூட எல்லா அமர்வுகளும் காலி. அப்படித்தான் ஆயிற்று. பயனர்கள் எல்லோரும் ஒரே நொடியில் வெளியே தள்ளப்பட்டார்கள்.

இதில் நான் நியாயமாகவே பேசுகிறேன். எஸ்கியூஎல் தரத்தின்படி இது சரியான குவெரி. பிரிப்பேர் செய்தால் எந்தத் தரவுத்தளமும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஸ்கீமா முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. உள் குவெரியில் டேபிள் பெயர் சேர்க்காமல் எழுதிய ஒரு நெடுவரிசை, உள்ளே எந்த டேபிளிலும் இல்லாமல் வெளியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது உங்களுக்குப் பெரிய வேலையா? ஓர் எச்சரிக்கை போதும். அதைச் செய்ய முடியாது என்றால், விளம்பரத்திலிருந்து ‘எல்லா’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க டேபிளின் எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டு வலப்பக்க டேபிளை இணைப்பது) விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் டிக்கெட்டே அதுதான். வலப்பக்க டேபிளில் நெடுவரிசைக்கு ‘நாட் நல்’ என்று விதி இருப்பதைப் பார்த்து, நல் (மதிப்பே இல்லாத நிலை) வராது என்று வகை எழுதிக் கொடுக்கிறது உங்கள் கருவி. ஜாயினில் ஜோடி கிடைக்காத வரிகளில் நல்தான் வரும். (தமிழில் ‘நல்’ என்று எழுதும்போது ஏதோ நல்ல காரியம் போலத் தெரிகிறது. எங்களுக்கு இதுவரை நல்லது எதுவும் அதனால் நடந்ததில்லை.) போஸ்ட்கிரஸ் திருப்பித் தரும் வரிசை விவரத்தில் வகை இருக்குமே தவிர, நல் வருமா வராதா என்பது இருக்காது. ஆகவே அது உங்கள் ஊகம். ஊகத்தை ஊகம் என்று சொல்லாமல் உறுதி போல நிரலுக்குள் எழுதிவிட்டீர்கள்.

உங்கள் ஆதரவுப் பிரிவின் கடைசிப் பதில் இரண்டு காரணங்களுக்காக என்னைக் கோபப்படுத்தியது. “இவற்றை உங்கள் டெஸ்ட்கள் பிடித்திருக்க வேண்டும்” என்றார்கள். டெஸ்ட்கள் பிடிக்கும் என்றால் நீங்கள் எதற்கு? அடுத்து, ஆராய்ந்து பார்க்க எங்கள் உண்மையான தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். வாடிக்கையாளர்களின் தரவு இருக்கும் இடம் அது. குவெரி சோதனைக்கு ஸ்கீமா மட்டும் போதும், உள்ளே ஒரு வரி தரவுகூடத் தேவையில்லை. ஒவ்வொரு பில்டிலும் காலியான தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, எங்கள் மைக்ரேஷன்களை வரிசையாக ஓட்டி, அதன் மேல் சோதித்தால் நகல் பழசாகும் பேச்சுக்கே இடமில்லை. போன மாதத்திலிருந்து நாங்களே ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி அப்படித்தான் செய்கிறோம். அதற்கு அரை நாள் ஆனது.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மீதமுள்ள ஐந்து மாதச் சந்தாவைத் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியம், கருவியின் அறிக்கையை மாற்றுங்கள்: இன்றைய தரவுத்தளத்தோடு சோதித்தவை இத்தனை, பழைய நகலோடு சோதித்தவை இத்தனை, அந்த நகலின் தேதி இது, சோதிக்கவே முடியாமல் விட்டவை இத்தனை, அவை இந்தக் கோப்பில் இந்த வரியில் இருக்கின்றன என்று. தரவுத்தளம் கிடைக்காவிட்டால் பில்ட் நிற்க வேண்டும். நிற்க வேண்டாம் என்று நினைப்பவர் அதைத் தானே எழுதி வைத்துக்கொள்ளட்டும். 61 குவெரிகளை உங்களால் சோதிக்க முடியவில்லை என்பதற்காக நான் இந்தக் கடிதம் எழுதவில்லை. யாராலும் எல்லாவற்றையும் சோதிக்க முடியாது, அது எனக்குத் தெரியும். முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த 61-ஐ நாங்களே பார்த்துக்கொண்டிருப்போம். பார்த்துச் சரியென்றதற்கும் பார்க்காமல் விட்டதற்கும் ஒரே பச்சை டிக்கைப் போட்டதுதான் என் புகார்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். கேஷை ஏற்கெனவே அழித்துவிட்டேன். தயவுசெய்து அதை மறுபடி சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்

இணைப்பு: பில்ட் லாக் (விரிவான முறையில்), டேபிள் பெயரைக் கெடுத்துச் சோதித்த ஐந்து குவெரிகளும் அவற்றுக்கு வந்த ‘பிழை 0’ அறிக்கையும், மூடப்பட்ட மூன்று டிக்கெட்டுகளின் நகல்.