குளோர்புரோமசினும் 25 மில்லிமோலும்

பினாங்கு

அன்பு மகளுக்கு,

பசியாறினாயா? குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்தின் சிஎம்சி ஏன் லிட்டருக்கு 25 மில்லிமோல் வந்தது, கோட்டின் முறிவு ஏன் மழுங்கலாக இருக்கிறது என்று வாட்சப்பில் நீ கேட்டது இரண்டே வரி. பதில் அதில் அடங்காது, அதனால் கடிதம்.

சிஎம்சி என்பது மூலக்கூறுகள் மைசெல் என்ற சிறு கூட்டங்களாகச் சேரத் தொடங்கும் செறிவு. உனக்கு அது 25 மில்லிமோல் வந்தது கருவியின் கோளாறு இல்லை, கணக்கின் கோளாறு. 20 மில்லி தண்ணீரில் 100 மில்லிமோல் கரைசலை 5 மில்லி விட்டதும் கடத்துத்திறன் கோடு வளைந்திருக்கிறது. நீ 100 × 5 = 500ஐ 20ஆல் வகுத்துவிட்டாய். பீக்கரில் அப்போது 25 மில்லி அல்லவா இருந்தது? 25ஆல் வகு, 20 வரும். உப்பில்லாத தண்ணீரில் ஏறக்குறைய அதுதான் வரவேண்டும்.

முறிவு மழுங்கலாக இருப்பதற்குப் பதறாதே. இந்த மருந்து மூலக்கூறின் மூன்று வளையப் பகுதிக்குத் தண்ணீர் ஆகாது. நேர்மின்னேற்றமுள்ள நைட்ரஜன் வாலுக்குத் தண்ணீர்தான் வேண்டும். ஆனால் அந்த வளையம் விறைப்பானது, எஸ்டிஎஸ் என்ற சலவைப் பொருளின் தண்ணீர் ஆகாத வாலைப்போல் வளைந்துகொடுக்காது. எஸ்டிஎஸ் மைசெலில் 60 மூலக்கூறு சேரும். உன் மருந்தில் 10 வாக்கில்தான். கூட்டம் சிறியதென்றால் அது கூடும் கணமும் மங்கலாகத்தான் தெரியும். வளைவுப் பகுதியில் இருக்கும் புள்ளிகளை விட்டுவிட்டு, இருபுறமும் நேராக ஓடும் புள்ளிகளில் மட்டும் கோடு போடு. கை பழக முதலில் எஸ்டிஎஸ் செய்துபார். 25 டிகிரியில் 8 மில்லிமோல் அருகே வந்தால் உன் முறை சரி.

மறுபடி செய்யும்போது 0.888 கிராம் குளோர்புரோமசின் ஹைட்ரோகுளோரைடு உப்பை 25 மில்லியாகக் கரை. கையுறை கட்டாயம், தூள் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். குடுவையை அலுமினியத் தாளால் சுற்று. வெளிச்சம் பட்டு நிறம் ஏறினால் கழிவுப் போத்தலில் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரை. 0.5 மில்லியாக விட்டு வா, வளைவு நெருங்கினால் 0.25. தே தாரிக் டீயை ஆற்றுவதுபோல் நுரைக்கக் கலக்காதே, மின்முனையில் ஒட்டிய குமிழ் அளவைக் குறைத்துக் காட்டும். ஏர்கானை நம்பாதே, தண்ணீர்த் தொட்டியில் வை. ஒரு டிகிரி ஏறினால் கடத்துத்திறன் 2 சதவீதம் ஏறும்.

சாப்பாட்டு உப்பு சேர்த்தால் சிஎம்சி இறங்கும். ஆனால் அதைக் கடத்துத்திறனில் தேடாதே, உப்பின் அயனிகளே அளவை மூடிவிடும்; பரப்பு இழுவிசை பார். பிஎச் நடுநிலையை நெருங்கவிடாதே. கரைசல் கலங்கினால் அது மைசெல் அல்ல, கரையாமல் பிரிந்துவந்த மருந்தின் கார வடிவம்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ரத்தத்தில் மைசெல் உண்டா என்று கேட்பார்கள். கிடையாது, அங்கே மருந்து ஒரு மைக்ரோமோலைத் தொடுவதே அரிது. ஆனால் மில்லிக்கு 25 மில்லிகிராம் உள்ள ஊசி ஆம்பூலில் அது 70 மில்லிமோல். அங்கே நிச்சயம் உண்டு. ரத்தத்தில் கலந்ததும் பிரிந்துபோகும்.

திருத்திய வரைபடத்தை அனுப்பு.

அப்பா