வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு

அனுப்புநர்
முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவி,
ஆத்தூர் வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: வரலாறு படிக்கும் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் உதவித்தொகையுடன் உள்ளகப் பயிற்சி வழங்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஐந்தாவது வருடமாக வரலாறு படிக்கிறேன். இத்தனை வருடத்தில் பழைய ஆவணம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தது ஒரே ஒருமுறைதான். அதுவும் வீட்டில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த கிஸ்தி (நிலவரி) ரசீது. அதில் ‘பசலி 1350’ என்று இருந்தது. “இது எந்த வருசம் கண்ணு?” என்று தாத்தா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பசலி என்பது நிலவரிக் கணக்கு ஆண்டு, அதோடு 590-ஐக் கூட்ட வேண்டும், அப்படியானால் 1940 என்று ஊரில் ஒரு பழைய கணக்குப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதுகலை படிக்கிற எனக்கு அன்றைக்கு மிகவும் கஷ்டமாகப் போய்விட்டது.

வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள். பொறியியல் பிள்ளைகளுக்கு ஆலைகள் இருக்கின்றன. சென்ற மே மாதம் நாங்கள் மூன்று பேர் ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டோம். அங்கிருந்தவர் உட்காரவைத்து அன்பாகத்தான் பேசினார். “வரலாற்றுப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ஏற்பாடே இல்லையேம்மா, மேலே இருந்து உத்தரவு வந்தால் நாளைக்கே வாங்க” என்றார். அந்த உத்தரவைக் கேட்டுத்தான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

எங்களுக்கு வேலையா இல்லை? பேராசிரியருடன் ஒருமுறை சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். மரத்தடியில் உள்ளங்கை அளவுக்கு வழவழப்பான கற்கள், எண்ணெய் ஊறிக் கறுத்து, திருநீற்றுப் பட்டையோடு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை தேய்ந்த கோடாரி வாய் போல இருந்தது. ஊர்ப் பெரியவர் அவற்றைப் பிள்ளையார் என்று சொல்லிக் கும்பிட்டார். புதிய கற்காலத்துக் கற்கோடாரிகள் என்றார் பேராசிரியர். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பின்னாளில் ஏற்காட்டில் குடியிருந்தவர். இந்த மலையிலும் கற்கருவிகள் சேகரித்தவர். அவருடைய நினைவுக்கல் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. ஆனால் எந்த ஊர் மரத்தடியில் எத்தனை கல் இருக்கிறது, யார் எந்தக் காட்டில் ஏர் ஓட்டும்போது எடுத்தார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுத ஆள் வேண்டும். கல்லை இடத்தைவிட்டு நகர்த்தவே வேண்டாம். அது அவர்கள் சாமி. அளவு, படம், பெரியவர் சொல்லும் கதை, அவ்வளவுதான். ஒரு மாதம் கொடுத்தால் பத்து மாணவர்கள் நிறைய ஊர்களைப் பார்த்துவிடுவோம்.

மலைக்குக் கீழேயும் வேலை கிடக்கிறது. தருமபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் பிரிவதற்கு முன்பு எல்லாமே சேலம் ஜில்லாதான். ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டிப் பட்டியலிட எங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். 1935-ல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்களில் இன்னும் இருப்பவர்களைத் தேடிப் பேச்சைப் பதிவு செய்யலாம். தியாகனூர் புத்தர் சிலைகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லலாம். சேலம் அரசு அருங்காட்சியகத்திலும் அப்படியே.

உதவித்தொகை பற்றி ஒரு வார்த்தை, ஐயா. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மே மாதம் ஜவுளிக்கடையிலோ வெள்ளிப் பட்டறையிலோ வேலைக்குப் போய்த்தான் அடுத்த வருடக் கட்டணத்தைச் சேர்க்கிறோம். சம்பளமில்லாத பயிற்சி என்றால் அவர்கள் வரமாட்டார்கள். ஆசை இருந்தாலும் வரமுடியாது. பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் போக வீட்டுக்குக் கொஞ்சம் கொடுக்கிற அளவுக்காவது கிடைக்க வேண்டும்.

ஆகவே, அருங்காட்சியகம், தொல்லியல் துறை, ஆவண அறை ஆகியவற்றில் ஆண்டுதோறும் மே மாதம் வரலாற்று மாணவர்களைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ள ஆணையிடுமாறும், அதை மதிப்பெண்ணில் சேர்க்கச் சொல்லிப் பெரியார் பல்கலைக்கழகத்துக்கு எழுதுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரலோடு என் படிப்பு முடிந்துவிடும். அடுத்த மாதமே உத்தரவு வந்தால் எனக்கும் ஓர் இடம் கிடைக்கும். தாமதமானாலும் பரவாயில்லை, முதலாம் ஆண்டில் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்தையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதுகலை வரலாறு மாணவி

இடம்: சேலம்