டிசம்பர் 31-க்குள் போட வேண்டிய பணம்

அன்புள்ள கயல்,

நவம்பர் பாதி போய்விட்டது. அமெரிக்காவின் இல்லினாய் மாநில வரிக்கணக்கில் 2025-க்குக் கழிவு வேண்டுமென்றால் டிசம்பர் 31-க்குள் பணம் போயாக வேண்டும். ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்குப் போடுவது போல ஏப்ரல் வரை இழுக்க முடியாது. பெரியவளின் கல்லூரிச் சேமிப்பையும் சின்னவனின் ஏபிள் கணக்கையும் (உடல், மனக் குறைபாடு உள்ளவர்களுக்கான சேமிப்பு) நீயும் மாப்பிள்ளையும் ஒன்றாகவே கணக்குப் போடுகிறீர்கள். இரண்டுக்கும் வரம்பு தனித்தனி. பிரித்துப் பார்த்தால்தான் முழுப் பலனும் கைக்கு வரும்.

பெரியவளுக்கான 529 என்ற கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் போடும் பணத்துக்கு மத்திய அரசு கழிவு தருவதில்லை. அங்கே கிடைப்பது வளர்ச்சிக்கு வரி இல்லை என்ற சலுகை மட்டும். கழிவு தருவது மாநிலம்தான். பிரைட் ஸ்டார்ட், பிரைட் டைரக்‌ஷன்ஸ் போன்ற இல்லினாயின் சொந்தத் திட்டங்களில் போட்டால் தனியாளுக்கு வருடம் 10,000 டாலர், கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு 20,000 டாலர் வருமானத்திலிருந்து கழியும். வரி 4.95 சதவீதம் என்பதால் 20,000-க்கு மிச்சம் 990 டாலர். வேறு மாநிலத் திட்டத்தில் போட்டால் இங்கே ஒன்றும் கழியாது. பென்சில்வேனியாவில் எந்த மாநிலத் திட்டமானாலும் ஏற்பார்கள், கலிஃபோர்னியாவில் எதற்கும் கழிவு கிடையாது. அங்கிருக்கும் சிநேகிதர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி, உங்களுக்குப் பொருந்தாது.

இந்த வரம்பு பிள்ளைக்கு இவ்வளவு என்று இல்லை, வரி கட்டுபவருக்கு இவ்வளவு. வரம்புக்கு மேல் போட்டதை வர்ஜீனியாவில் அடுத்தடுத்த வருடங்களில் கழித்துக்கொள்ளலாம், இல்லினாயில் அது முடியாது. மாப்பிள்ளை போனஸிலிருந்து 60,000 டாலரை ஒரே தடவையில் போட்டால் மிச்சம் 990-தான். மூன்று வருடமாகப் பிரித்தால் 2,970. முன்னாலேயே போட்டால் சந்தையில் வளருமே என்பார். வளரலாம், ஆனால் அதற்கு உறுதி கிடையாது. நான் பிரித்துத்தான் போடச் சொல்வேன்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பணத்தை எடுக்கும்போது. பள்ளிக் கட்டணத்துக்கு 529-இலிருந்து எடுப்பதை மத்திய அரசு ஒப்புக்கொள்கிறது, இல்லினாய் ஒப்புக்கொள்வதில்லை. பெரியவளைத் தனியார் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்து அதற்கு இதிலிருந்து கட்டினால், முன்பு கழித்த தொகையை மாநிலம் திரும்ப வருமானத்தில் சேர்த்துவிடும். மொத்தக் கணக்கையும் வெளிமாநிலத் திட்டத்துக்கு மாற்றினாலும் அதே கதைதான். படிப்புச் செலவு எந்த வருடமோ அந்த வருடத்திலேயே பணத்தையும் எடுத்துவிடு. டிசம்பரில் கட்டிய ஃபீஸுக்கு ஜனவரியில் எடுத்தால் கணக்கு பொருந்தாது. பொருந்தாத பணத்தின் வளர்ச்சிப் பகுதிக்கு மத்திய வரியோடு கூடுதலாக 10 சதவீதமும் விழும்.

இனி சின்னவனுக்கு. இல்லினாய் ஏபிள் திட்டத்தில் போடுவதற்கும் தனியாளுக்கு 10,000, தம்பதிக்கு 20,000 கழிவு உண்டு. ஆனால் ஒரு ஏபிள் கணக்குக்குள் 2025-இல் எல்லோரும் சேர்ந்து போடக்கூடியது 19,000 டாலர்தான். நீ போடுவது, சித்தப்பா பிறந்தநாளுக்குப் போடுவது, பாட்டி கொடுப்பது எல்லாம் அதற்குள்ளே அடக்கம். மிஞ்சியதைத் தாக்கல் கெடுவுக்குள் திருப்பி எடுக்காவிட்டால் 6 சதவீத அபராத வரி வரும். ஆகவே யார் எவ்வளவு போடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே பேசிவிடு.

கழிவு கிடைக்காவிட்டாலும் அவனுக்கு இந்தக் கணக்கு வேண்டும் என்பேன். பதினெட்டு வயதானதும் எஸ்எஸ்ஐ என்ற மத்திய அரசு உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமானத்தைப் பார்க்க மாட்டார்கள், அவன் பெயரில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். சாதாரண வங்கிக் கணக்கில் 2,000 டாலருக்கு மேல் இருந்தால் உதவித்தொகை நின்றுபோகும். ஏபிளில் முதல் 1,00,000 டாலரை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் பாட்டி ஆசையாகக் கொடுக்கும் பணம் எதுவும் அவன் பெயரில் சேமிப்புக் கணக்காகத் தேங்கக் கூடாது. ஏபிள் கணக்குக்குக் குறைபாடு 26 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்ற விதி 2026 ஜனவரி 1 முதல் 46 ஆகிறது. அவனுக்கு அது பிரச்சினையில்லை, ஆனாலும் மருத்துவர் கையெழுத்திட்ட நோய்க்கண்டறிதல் கடிதத்தைக் கோப்பில் வைத்திரு.

மதுரையிலிருந்து பாட்டி நேராகப் போட்டால் அவருக்கு இங்கே கழிக்க வருமானமே கிடையாது. உனக்கு அன்பளிப்பாக அனுப்பி நீ போட்டால் கழிவு உன்னுடையது.

529-இல் போட்டதற்குத் திட்டத்திலிருந்து வரிப்படிவம் எதுவும் வராது. 1099-கியூ என்ற படிவம் பணம் எடுத்தால்தான் வரும். ஆண்டிறுதி அறிக்கையை இறக்கி வைத்துக்கொண்டு, ஐஎல்-1040 என்ற இல்லினாய் வரிப்படிவத்துடன் போகும் ஷெட்யூல் எம் இணைப்பில் இரண்டு தொகைகளையும் அதனதன் இடத்தில் எழுது. வரி மென்பொருள் மத்தியப் பகுதியில் இதைக் கேட்காது, மாநிலப் பகுதியில் நீயே தேடிப் போட வேண்டும்.

வங்கிப் பரிமாற்றத்தை டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே முடித்துவிடு. புது வங்கிக் கணக்கை இணைத்தால் சரிபார்க்கவே சில நாள் பிடிக்கும்.

அன்புடன்,
அம்மா