பேச்சுப் பயிற்சியைக் காட்டித்தர ஒருவரை அனுப்புங்கள்: வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

வன்னி வைத்தியசாலைகளுக்கு ஆளணி ஒதுக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாரிசவாதம் வந்து பேச்சுப் போனவர்களின் நிலைமை நீங்கள் அறியாததல்ல. என் அம்மாவும் அவர்களில் ஒருவர். போன கிளினிக்கில் எங்கள் கையில் ஒரு ஆங்கிலத் துண்டைத் தந்து, "வீட்டில வைச்சுப் பழக்குங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

பக்கத்து வீட்டில் ஏ.எல். படிக்கிற பிள்ளைதான் அதை வாசித்துச் சொன்னாள். பழைய குடும்பப் படங்களைக் காட்டி, ஆட்களின் பெயரைச் சொல்லவைக்க வேண்டுமாம். நல்ல முறைதான். ஆனால் எங்கள் அல்பம் 2009 இல் எந்தப் பதுங்குகுழியோடு போனதோ! அப்பாவின் முகம் என்று மிஞ்சியிருப்பது அடையாள அட்டைப் பிரதி ஒன்று, அதுவும் கறுத்துப்போனது. அதைத்தான் காட்டினேன். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு "தா... தா..." என்றார். ஆள் யாரென்று அவருக்குத் தெரியும், சொல்தான் வரவில்லை. அந்த இடத்தில் நான் பெயரைச் சொல்லிக் கொடுப்பதா, முதலெழுத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பதா, பேசாமல் காத்திருப்பதா? துண்டில் அது இல்லை.

இதே அம்மா என்னோடு சேர்ந்து தேவாரம் பாடினால் அடி பிசகுவதில்லை. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சுப் போனவர்கள் சிலருக்குப் பாட்டு வரும் என்றும், அதைப் பிடித்துக்கொண்டே சொற்களைப் பழக்கலாம் என்றும் பிறகுதான் அறிந்தோம். எப்படிப் பழக்குவது என்று காட்டித்தர ஆள் வேண்டும். தமிழ் கதைக்கிற பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர், மாதத்தில் ஒரு நாளாவது. கேட்பது இவ்வளவுதான்.

ஊரில் விளங்கப்படுத்தவும் ஆளில்லை. பார்க்க வருபவர்கள் அம்மாவின் காதுக்குள் கத்துகிறார்கள். காது நன்றாகக் கேட்கிறது. "ஆளுக்கு நினைவு மாறிப்போச்சு" என்று அவர் முன்னாலேயே சொல்கிறார்கள், அதுவும் கேட்கிறது.

கட்டடம் திறக்க, நாடா வெட்ட, ஏ-9 வீதியால் வாகனங்கள் வரிசையாக வருகின்றன. அவற்றில் ஒரு சீட்டில் ஒரு சிகிச்சையாளரையும் ஏற்றி வந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். றாகமவில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. அதை முடித்து வரும் தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவரை வன்னிக்கு நியமியுங்கள். அதுவரைக்கும் மாதம் ஒரு நாள். அன்றைக்கு நோயாளியோடு, வீட்டில் பழக்குகிறவரையும் உள்ளே விடும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்போதைய கிளினிக்கில் எங்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
தாயைப் பராமரிக்கும் ஒரு மகள்,
முல்லைத்தீவு மாவட்டம்.